தெற்கே நூற்றைம்பது மீட்டர்

அந்த வேலை வந்தபோது நான் ஒதுங்கியிருக்கலாம். பொன்னேரியில் நில அளவை செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு அது நான்காவது வருடம். வெயிலில் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கொண்டுவரும் எண்களைக் கணினியில் ஏற்றி வரைபடமாக்கித் தருவதுதான் என் வேலை. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டில் ஒரு குப்பம் எனக்குச் சொந்த ஊர். அதற்குத் தெற்கே, கரையோரமாக நடந்தால் முக்கால் மணி நேரத்தில், என் அக்காவைக் கட்டிக்கொடுத்த குப்பம். சண்டை இந்த இரண்டு ஊருக்கும்தான்.

ஏரியில் வலை கட்டும் இடத்தை எங்கள் பக்கம் பாடு என்பார்கள். எந்தப் பாடு எந்த ஊருக்கு, அதில் இன்றைக்கு எந்தக் குடும்பம் வலை கட்டலாம் என்பதெல்லாம் முறை வைத்து நடக்கும். முறை இல்லாதவன் அந்தத் தண்ணீரில் வலையை நனைக்க முடியாது. இரண்டு ஊருக்கும் எல்லையில் ஒரு பாடு இருந்தது; அதில் இறால் அதிகம். முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏறும்போது இறால் அந்த வழியாகத்தான் வரும். அது யாருடையது என்று ஒரு வருடமாக அடித்துக்கொண்டார்கள். வலைகளை அறுத்தார்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்குத் துடுப்பு அடி விழுந்து ஒரு காது கேட்காமல் போனது. கடைசியில் பேச்சுவார்த்தை நடந்தது. பழைய வரைபடத்தில் இருக்கும் எல்லைக்கோட்டை அளந்து, அதன்படி ஏரியில் கம்பு நடுவது என்று இரண்டு ஊரும் ஒப்புக்கொண்டன. அளக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது.

நான் அங்கே இருக்கிறேன் என்று தெரிந்ததும் தெற்கு ஊர்க்காரர்கள் முடியாது என்றார்கள். அப்போது அவர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று எனக்காகப் பேசியவர் என் அக்காவின் கணவர். மாமா அதிகம் பேசாத மனிதர். ஊர்க்கூட்டத்தில் அவர் வாயைத் திறந்ததே அதுதான் முதல்முறை என்று அக்கா சொன்னாள். "அவன் என் மச்சான். எண்ணுல கை வைக்க மாட்டான். நான் பொறுப்பு" என்றாராம். அதன்பிறகு யாரும் மறுக்கவில்லை.

அலுவலகத்துக்கு வந்தது ஒரே ஒரு தாள். ஏழு புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை; பாகை, நிமிடம், நொடி. பழைய வரைபடத்தைப் பார்த்து யாரோ எப்போதோ தட்டச்சு செய்த தாள். அதன் கீழ் விளிம்பில், மங்கிப்போன சின்ன எழுத்தில், எவரெஸ்ட் என்று ஒரு சொல் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

அந்தச் சொல்லின் பொருளும் எனக்குத் தெரியாததல்ல. டிப்ளமோ படிக்கும்போது அதற்கென்று ஒரு பாடமே இருந்தது. பூமி சரியான உருண்டை இல்லை. அதனால் அளக்கிறவர்கள் கணக்குக்காகக் கொஞ்சம் தட்டையான ஒரு உருண்டையைக் கற்பனை செய்து வைத்துக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரன் நம் நாட்டை அளக்க வைத்துக்கொண்ட உருண்டை எவரெஸ்ட். இன்று செயற்கைக்கோளும் நம் கைப்பேசியும் வைத்திருக்கும் உருண்டை வேறு. ஒரே எண் இந்த இரண்டு உருண்டையிலும் இரண்டு வெவ்வேறு இடங்களைக் காட்டும். எந்த உருண்டையில் எடுத்த எண் என்பதை டேட்டம் என்பார்கள். எங்கள் பகுதியில் இரண்டுக்கும் வித்தியாசம் இருநூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

ஏழு புள்ளிகளையும் எக்செலில் அடித்து, அளவை மென்பொருளில் ஏற்றினேன். ஒரு பெட்டி திறந்து, இந்த எண்கள் எந்த டேட்டத்தில் இருக்கின்றன என்று கேட்டது. மேலே டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று தானாகவே நின்றிருந்தது. நாங்கள் தினமும் ஏற்றும் ஜி.பி.எஸ். எண்களெல்லாம் அதில்தான் இருக்கும். கீழே இருந்த நீண்ட பட்டியலை நான் திறக்கவே இல்லை. என்டர் தட்டினேன்.

சரிபார்த்தேன் என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன். செயற்கைக்கோள் படத்தின் மேல் கோட்டை வைத்துப் பார்த்தேன். நிலத்தில் இப்படித் தவறினால் கோடு யார் வீட்டின் மேலாவது ஏறி நிற்கும், உடனே தெரிந்துவிடும். ஏரியில் எல்லாம் தண்ணீர். எங்கே வைத்தாலும் சரியாகத்தான் தெரியும். கரையில் இருக்க வேண்டிய முதல் புள்ளி மட்டும் கரையைவிட்டுத் தள்ளி மணலுக்குள் விழுந்திருந்தது. அந்த இடத்தில் முன்பு ஒரு கல் இருந்ததாகச் சொல்வார்கள். கல் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஏரி தூர்ந்து, கரை மேற்கே நகர்ந்திருக்கும் என்று முடிவு செய்தேன். ஏரி தூர்வதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான். வெளியூர்க்காரன் ஒருவன் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பான். எனக்கு ஊர் தெரியும் என்பதால் சந்தேகம் வரவில்லை.

கம்பு நட்ட நாள் இரண்டு ஊரிலிருந்தும் படகுகள் வந்தன. நானும் போனேன். கருவி வழிகாட்ட, அது கூவிய இடத்தில் சவுக்குக் கம்பை ஊன்ற வேண்டும். தெற்கு ஊர் சார்பில் ஊன்றியவர் மாமா. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கம்பைச் சேற்றில் சொருகி, படகிலிருந்து நீட்டிய சுத்தியலை வாங்கி அடித்தார். மூன்றாவது கம்பு வந்தபோது அவர் நின்றுவிட்டார். சுற்றிலும் பார்த்தார். தன் ஊர்ப் பக்கம் திரும்பி, அங்கே தெரிந்த பனைமரங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இங்கியா?"

"ஆமா மாமா. இங்கதான்."

அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. அடித்தார். அந்தக் கம்போடு இறால் வரும் பாடு முழுவதும் எங்கள் ஊர்ப் பக்கம் வந்துவிட்டது. தெற்கு ஊர்ப் படகில் இருந்தவர்கள் மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் என்னைக் கொண்டாடினார்கள். அந்தப் பாட்டில் கட்டிய முதல் வலையில் வந்த இறாலை, பொறுக்கி எடுத்து, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை, தாளில் இருந்ததைத்தான் அளந்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் கண்ணடித்தார்கள். வெளியில் அப்படித்தான் சொல்ல வேண்டும், புத்திசாலி என்றார்கள். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. படகு ஏறினால் வாந்தி. அதனால் அப்பா, எங்கள் வீட்டில் நைனா, என்னைப் பற்றி ஊரில் பேசுவதையே தவிர்த்தவர். அந்த வாரம் அவர் மீன் ஏலம் போடும் கொட்டகையில் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் பேசினார். என் தோளில் கையைப் போட்டிருந்தார். நான் தவறே செய்யவில்லை என்று நம்பியிருந்த நாட்கள் அவை. ஆனாலும், தவறு செய்தவன் என்று அவர்கள் நினைத்துத் தந்த மரியாதையை நான் வாங்கிக்கொண்டேன். அது நன்றாகத்தான் இருந்தது.

தெற்கு ஊரில் மாமாவைத் தள்ளி வைத்தார்கள். பாட்டில் வலை கட்டும் முறையிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். நான்கு பேரோடு பங்குக்கு இருந்த படகில் அவரை ஏற்றவில்லை. அவர் குளித்த குழாயில் அவர் போன பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். மச்சானோடு சேர்ந்து ஊரை விற்றுவிட்டான் என்பது பேச்சு. அக்கா தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகிப் போனார்கள். அக்காவின் இரண்டு வயதுப் பெண் குழந்தையைக்கூடத் தங்கள் பிள்ளைகளோடு விளையாட விடவில்லை.

அக்கா ஒரு நாள் மணலில் நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்தாள். சோறு வேண்டாம் என்றாள். நின்றபடியே என்னைக் கேட்டாள்.

"நீ ஏதாவது மாத்திப் போட்டியாடா?"

"இல்லக்கா. தாள்ல இருந்ததைத்தான் போட்டேன்."

அவள் என் முகத்தைப் பார்த்து, சரி என்றாள். அதோடு நம்பிவிட்டாள். அப்போது நான் சொன்னது பொய்யில்லை. அதன்பிறகு அவளிடம் இன்னொரு உண்மை சொல்ல எனக்குப் பல நாள் ஆனது.

அடுத்த மாதம் சுண்ணாம்புக்குளம் பக்கம் ஒரு இறால் பண்ணையை அளக்கும் வேலை வந்தது. அதற்கும் ஒரு பழைய தாள் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்த ஒரு புள்ளி பழைய அளவைக் கல். அதை எடுத்து ஏற்றி, இடத்தைக் களத்துக்கு அனுப்பினேன். மதியம் களத்திலிருந்து கூப்பிட்டார்கள். கல் கிடைத்துவிட்டது, சிறுபாலத்துக்குப் பக்கத்தில் நன்றாகவே இருக்கிறது, ஆனால் நீ கொடுத்த இடத்தில் இல்லை, இருநூறு மீட்டர் தள்ளி இருக்கிறது என்றார்கள். கல் நகராது. நான் தாளின் கீழ் விளிம்பைப் பார்த்தேன். அதிலும் அதே சொல்.

பழைய கோப்பைத் திறந்தேன். அதே ஏழு புள்ளிகளை மறுபடி ஏற்றினேன். பெட்டி வந்தது. இந்தத் தடவை பட்டியலைத் திறந்து, எவரெஸ்ட் இருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்தேன். கோடு திரையில் வடமேற்காகத் துள்ளி உட்கார்ந்தது. மணலுக்குள் கிடந்த முதல் புள்ளி சரியாக ஏரிக்கரையில் போய் நின்றது. பழைய கோட்டுக்கும் புதிய கோட்டுக்கும் நடுவில் அளந்தேன். நாங்கள் நட்ட கம்புகள் தெற்கே நூற்றைம்பது மீட்டரும், கிழக்கே அதைவிடக் கொஞ்சம் கூடுதலும் தள்ளி நின்றிருந்தன. அந்தப் பாடு தெற்கு ஊருடையது. சந்தேகமே இல்லை. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் இவ்வளவும் தெரிந்துவிட்டது. கோப்பைச் சேமிக்காமல் மூடினேன். இறால் பண்ணைக் கோப்பை மட்டும் திருத்தி, சரியான இடத்தைக் களத்துக்கு அனுப்பினேன்.

முதலாளியிடம் சொல்லவில்லை. வேலை போகும் என்று தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது நைனாவிடம் சொன்னேன். அவர் வலையில் ஒட்டியிருந்த பாசியை உதறிக்கொண்டிருந்தார். கடைசிவரை கேட்டார்.

"இது உனக்கு மட்டுந்தான தெரியும்?"

"ஆமா."

"அப்ப விடு."

"அக்கா நைனா..."

"அவ அந்த ஊர்ப் பொம்பள. அவ கஷ்டத்தை அந்த ஊரு பாத்துக்கும். இந்த ஊர்ல அம்பது குடும்பம் அந்தப் பாட்டுல துன்னுது. இப்ப போய் தப்பா நட்டுட்டோம்னு சொன்னா உன்னை இன்னா பண்ணுவாங்கன்னு தெரியுமா? என்னை இன்னா பண்ணுவாங்க?"

நைனாவின் மேல் பழியைப் போடுவது எளிது. பல நாள் போட்டுமிருக்கிறேன். ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே நான் அதைத்தான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அம்மாவிடம் போயிருப்பேன். அவளும் சொல்லவில்லை என்றால் ஒருவேளை வேறு யாரிடமாவது. விடு என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

அதே வாரம் அக்கா போன் செய்தாள். குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது. ஊரில் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அளவில் கள்ளம் இல்லை, சரியாக அளந்ததுதான் என்று அம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால், மாமாவை மறுபடி முறையில் சேர்ப்பதைப் பற்றிப் பேசலாம் என்றார்களாம். மாமா கோயிலில் நிற்கக் கூசுகிறார், அதனால் தானே அணைக்கப் போவதாகச் சொன்னாள்.

"நாளைக்கு அமாவாசை. நாளைக்கே அணைச்சிடறேன். ஒண்ணும் இல்லையே?"

நான் அலுவலக மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். கீழே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்தது.

"ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

கள்ளம் இல்லை என்பது உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லையே. சத்தியத்தின் பாதி உண்மை, மீதிப் பாதி அவளுக்குத் தெரியாது. தெரியாமல் செய்வது பொய்யாகாது. இப்படி ஒரு கணக்கு போட்டு, அதை நம்பி, மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

அக்கா ஈரப் புடவையோடு போய், உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி, ஊர் முன்னால் அணைத்தாள். கை வெந்துபோனது. அதன்பிறகும் பாதிப் பேர் நம்பவில்லை. தம்பிக்காகப் பொய்ச் சத்தியம் செய்கிறாள் என்றார்கள். அடுத்த தடவை முறை பிரிக்கும்போது பார்க்கலாம் என்று மாமாவின் பேச்சைத் தள்ளிப் போட்டார்கள்.

வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். மாமா ஏரியோரச் சதுப்பில் இறங்கினார். அங்கே பாட்டு முறை கிடையாது. வலையில்லாமல், தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிற குடும்பங்கள் அந்தப் பக்கம் உண்டு. பிடித்ததைப் போடும் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீரிலேயே இருப்பார்கள். எங்கள் குப்பங்களில் அவர்களை ஒரு படி கீழே வைத்துத்தான் பேசுவார்கள். படகும் வலையும் இருந்த ஒருவன் அவர்களோடு உட்கார்ந்து தடவுவதைப் பார்க்க, ஊர் ஆட்கள் வேலை இல்லாமலேயே அந்தக் கரைப் பக்கம் வந்து போனார்கள். சிரித்தார்கள். அந்தக் குடும்பங்களில் ஒரு பெண் மட்டும் அவரிடம், காலைத் தூக்கி வைக்காதே, தேய்த்தே நட, மண்ணுக்குள் திருக்கை படுத்திருக்கும் என்று சொல்லியிருக்கிறாள். கரையில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் பேச்சைக் கேட்டு நடக்க மாமாவுக்கு வெட்கம். விறைப்பாக நடந்தார். நான்காவது நாள் திருக்கையின் முள் வலது காலில் ஏறி, உள்ளேயே முறிந்தது.

முதல் நாள் சுடுதண்ணீரில் காலை வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் கால் முழங்கால் வரை வீங்கிக் கறுத்துவிட்டது. அக்கரைக்குப் போக மோட்டார் படகு வேண்டும். அக்கா வீடு வீடாகப் போய்க் கேட்டாள். தள்ளி வைத்த வீட்டுக்குப் படகு கொடுக்க முடியாது என்றார்கள். ஒருவர் அதற்கு மேலும் சொன்னார்: "பொய்யா சூடம் அணைச்சா இப்படித்தான். அம்மன் காலை எடுத்துக்கினா." அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு நடந்தாள். நைனா ஒரு வார்த்தையும் கேட்காமல் தன் படகை எடுத்துக்கொண்டு போனார். தெற்கு ஊர்க் கரையில் அவர் படகு தட்டியபோது மண்ணை அள்ளி வீசினார்களாம். அவர் இறங்கி, மாமாவைத் தோளில் தூக்கி வந்து படகில் கிடத்தினார். அக்கரையில் நான் ஆட்டோவோடு நின்றேன்.

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் வலது கால் விரல்கள் ஐந்தையும் எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கால் போயிருக்கும் என்றார் மருத்துவர். வார்டுக்கு வெளியே, சுவரோரம் தரையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் சூடம் சுட்ட இடம் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதும் கேட்காமலேயே, ஊர் சொல்கிற மாதிரி இருக்குமோ என்று என்னிடம் கேட்டாள். நிஜமாகவே பயந்து போயிருந்தாள். அப்போதுதான் சொன்னேன். அவள் மேல் இரக்கப்பட்டுச் சொன்னேனா, என்னால் அதற்கு மேல் அந்தக் கையைப் பார்க்க முடியாமல் சொன்னேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அளவு தப்புக்கா. நான் வேணும்னு பண்ணல. கம்ப்யூட்டர்ல ஒரு இடத்துல மாத்திப் போடணும். போடாம வுட்டுட்டேன்."

அவள் கையை மடக்கினாள்.

"எப்ப தெரியும்?"

அந்தக் கேள்விக்கு ஒரு பொய் தயாராக இருந்தது. இப்போதுதான், நேற்றுதான் என்று சொல்லியிருக்கலாம்.

"பதினெட்டு நாளாச்சு."

அவள் கணக்குப் பார்த்தாள். உதடு அசைந்தது. விரல்விட்டு எண்ணவில்லை, ஆனால் எண்ணுகிறாள் என்று தெரிந்தது. இன்றிலிருந்து திருக்கை, திருக்கையிலிருந்து அமாவாசை, அதற்கும் முன்னால்.

"நான் போன் பண்ணப்ப தெரியும்."

"தெரியும்."

"ஒண்ணும் இல்லன்ன."

அவள் அழவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அடிப்பாள் என்று எதிர்பார்த்து நான் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தேன். எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, "உள்ள அவருகிட்ட நீ சொல்லாத. நான் சொல்லிக்கிறேன். நீ கிளம்பு" என்றாள்.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். அவர் இரண்டு கோப்புகளையும் திறந்து பார்த்தார். தாளின் கீழ் விளிம்பில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். படித்தேன். சத்தமாகப் படி என்றார். சத்தமாகப் படித்தேன். திருத்திய அறிக்கையை என் கையாலேயே தயாரிக்க வைத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, நாளை முதல் வர வேண்டாம் என்றார். பொன்னேரியில் இருக்கும் மற்ற அலுவலகங்களுக்கும் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார். சொன்னது தவறில்லை.

இரண்டு ஊரையும் ஒரு ஏலக் கொட்டகையில் கூட்டினார்கள். நான் மடிக்கணினியைத் திறந்து, இரண்டு கோட்டையும் காட்டி, ஒரே எண் இரண்டு இடத்தைக் காட்டும் என்று முடிந்தவரை விளக்கினேன். யாருக்கும் புரியவில்லை. "அப்ப பூமி நகந்துடுச்சா இன்னா?" என்று ஒருவர் கேட்க, இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஒரு வருடத்தில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அந்தச் சிரிப்பாகத்தான் இருக்கும். தெற்கு ஊர்க்காரர்கள் நான் முதலில் கள்ளம் செய்துவிட்டு, மாமாவின் கால் விரல்கள் போன பயத்தில் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் நான் பெரிய இடத்தில் எதையோ வாங்கிக்கொண்டு ஊரைக் காட்டிக்கொடுத்ததாக எடுத்துக்கொண்டார்கள். தெரியாமல் நடந்த தவறு என்பதை அந்தக் கொட்டகையில் ஒருவர்கூட நம்பவில்லை.

கம்புகளைப் பிடுங்கி, சரியான இடத்தில் நட்டார்கள். அளந்தது வேறு அலுவலகம். நான் போகவில்லை. எங்கள் ஊரில் நைனாவின் முறையை ஒரு சுற்று நிறுத்தி வைத்தார்கள். என்னைக் கொட்டகையில் தோளில் கைபோட்டு நிறுத்திய மனிதர், நான் வீட்டுக்குள் வந்தால் எழுந்து வெளியே போனார். படகை எடுத்துக்கொண்டு மாமாவைத் தூக்கி வரப் போன நாளைப் பற்றியும் அவர் பேசியதில்லை, அப்ப விடு என்று சொன்ன நாளைப் பற்றியும் பேசியதில்லை.

மாமாவைத் தெற்கு ஊர் மறுபடி சேர்த்துக்கொண்டது. பெயரை முறையில் எழுதினார்கள். ஆனால் விரல் இல்லாத காலோடு ஆடும் படகில் நின்று வலை இழுக்க முடியாது. அவர் முறை வரும் நாளில் அவர் தம்பி போகிறார். மாமா கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துகிறார். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். வா என்றார், உட்காரச் சொன்னார், என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் கிடங்குக் கணக்கு பார்ப்பதாகச் சொன்னேன். நல்லது என்றார். மூன்றாவது கம்பு ஊன்றும்போதே தனக்குத் தெரியும் என்றார். பனைமரங்களை வைத்துப் பார்த்தால் இடம் சரியில்லை என்று தெரிந்ததாம். "நீ சொன்னதால அடிச்சேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அக்கா அவ்வளவு நேரமும் வீட்டுக்குள்தான் இருந்தாள். வெளியே வரவில்லை.

சென்ற தை மாதம் குழந்தைக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அம்மாவும் நைனாவும் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. எங்கள் சித்தப்பா மகன் ஒருவனை, அக்காவோடு அதிகம் பேசிப் பழகாதவனை, மாமன் முறைக்கு மணையில் உட்கார வைத்தார்களாம். அவனுக்குக் குழந்தையை எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை, குழந்தை திமிறிக்கொண்டு ஓடப் பார்த்தது என்று அம்மா வந்து சொன்னாள். ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்துதான் அக்கா என்னைக் கூப்பிடாமல் விட்டிருப்பாள் என்று நான் சொன்னேன்.

அம்மா பையைக் கீழே வைத்தாள். அக்கா ஒன்று சொல்லி அனுப்பியிருக்கிறாள், மாற்றாமல் அப்படியே சொல்லச் சொன்னாள் என்றாள்.

"'ஊருக்குப் பயந்து இல்ல. எனக்கு வேணாம், அதான் கூப்டல. அவன்கிட்ட இப்படியே சொல்லு.'"

சொல்லிவிட்டு அம்மா புடவை மாற்ற உள்ளே போனாள்.